ஒரு மாடி கீழே

என் வீட்டுக்காரர் எந்த லிஃப்டில் ஏறினாலும் முதலில் வலது உள்ளங்கையைப் பக்கச் சுவரில் வைப்பார். லிஃப்ட் மெக்கானிக் என்று தெரிந்துதான் அவரைக் கட்டிக்கொண்டேன். ஆனால் லிஃப்டுக்கு நாடி பார்ப்பார் என்று பெண் பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லை. "கயிறு ஒரு பக்கம் தளர்ந்திருக்கு" என்பார். "பிரேக் தேஞ்சிருக்கு, ரெண்டு மாசம் தாங்கும்" என்பார். துணிக்கடையில், ஆஸ்பத்திரியில், வங்கியில், எங்கேயும் விடமாட்டார். கூட ஏறியவர்கள் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படிக்கட்டைத் தேடிப் போய்விடுவார்கள். எனக்கு மானம் போகும். ஆனால் முப்பது வருடத்தில் அந்தக் கை சொன்னது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. கதைக்குத் தேவைப்படும், அதனால் சொல்கிறேன்.

கை வைக்கும் பழக்கம் தொழிலால் வந்ததல்ல. அந்தப் பழக்கத்தால்தான் தொழிலே வந்தது. அவருக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது டிவியில் ஒரு தொடர் ஓடியதாம். 'நாரை' என்று ஒரு விண்கப்பல், அதில் பத்துப் பதினைந்து பேர், முப்பத்தொன்பது வாரம். கப்பலின் அடிவயிற்றில் ஓர் இயந்திர அறை. அங்கே தலைமைப் பொறியாளராக ஒரு வழுக்கைத்தலை ஆசாமி. கப்பலை யார் தாக்கினாலும், எங்கே தீப்பிடித்தாலும், அந்த ஆள் அலட்டிக்கொள்ளமாட்டார். சுவரில் கை வைப்பார், கண்ணை மூடுவார், "உயிர் இருக்கு" என்பார். அப்புறம்தான் ஸ்பேனரை எடுப்பார். பதினோரு வயதுப் பையன் அன்றைக்கே வீட்டு ஃபிரிட்ஜில் கை வைக்க ஆரம்பித்துவிட்டான். விண்கப்பலில் வேலை காலி இல்லாததால் லிஃப்டுக்கு வந்து சேர்ந்தார். அதுவும் மேலேதானே போகிறது என்பார். வேடிக்கையாகச் சொல்வதுபோல்தான் சொல்வார், ஆனால் அது வேடிக்கை இல்லை.

இந்தப் பைத்தியத்துக்குக் கூட்டாளி ஒருவர் உண்டு. எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். எல்லாருக்கும் அவர் ஜெராக்ஸ்தான், எனக்கு ஜெராக்ஸ் அண்ணா. இருவரும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு, அந்தத் தொடரை ஒரே டிவியில் பார்த்தவர்கள். அண்ணா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடையில் இரண்டு மெஷின், கறுப்பு வெள்ளை ஒன்று, கலர் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இருவரும் உட்கார்ந்துகொள்வார்கள். பழைய கேசட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, 'நாரை'யின் உள்புறத்தை அறை அறையாக அளவெடுத்து வரைந்து வைத்திருக்கிறார்கள். கடைச் சுவர் பூராவும் அந்த வரைபடம்தான். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "வீடு கட்டப் போறீங்களா?" என்று கேட்பார்கள்.

லிஃப்டுக்குள் ஒரு சோதனை அட்டை ஒட்டியிருக்குமே, பார்த்திருப்பீர்கள். தேதி, நிலை, கையெழுத்து. மெக்கானிக் மாதாமாதம் வந்து பார்த்துவிட்டு அதில் 'சரி' அல்லது 'பழுது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதேபோல் தொடரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஜெராக்ஸ் அண்ணா ஓர் அட்டை அடித்துவைத்திருந்தார். முப்பத்தொன்பது அட்டை. பதினேழாம் பகுதியில் இயந்திர அறைக் கதவு தப்பான பக்கம் திறக்கிறதாம். அதற்குச் சிவப்பில் 'பழுது'. இரண்டு கழுதை வயதான ஆட்கள் அதற்காகச் சண்டை போட்டு ஒரு மாதம் பேசாமல் இருந்து சமாதானமானார்கள். ஒரே ஒரு விதி. பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது, பார்த்தது பழுதென்றால் 'சரி' என்று எழுதக்கூடாது. அது என் வீட்டுக்காரரின் தொழில் விதி. "பொய்க் கையெழுத்துப் போட்டா எவனோ ஒருத்தன் சாவான்" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகூடச் சொல்வார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஹோட்டல் வந்தது. 'நாரை' கப்பலை அப்படியே கட்டியிருக்கிறார்களாம். போய் வேடிக்கை பார்த்துவிட்டு வருகிற இடமில்லையாம். இரண்டு நாள் உள்ளேயே தங்கி, கப்பல் ஆட்களோடு ஆளாக வாழவேண்டுமாம். ராக்கெட்டில் ஏற்றிக் கொண்டுபோவார்கள், ஜன்னலைத் திறந்தால் நட்சத்திரம், வெளியே பூமி என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். விளம்பரத்தை இவர் எத்தனை தடவை பார்த்தார் என்று கணக்கே இல்லை. அவர்கள் கேட்ட தொகைக்கு எங்கள் ஒழுகுகிற குளியலறையை இடித்து இரண்டு தடவை கட்டலாம். அதையும் சொன்னேன். "குளியலறை எங்க போயிடப் போகுது?" என்றார்.

இருவருக்கும் ஒரேசமயம் போக வசதியில்லை. ஜெராக்ஸ் அண்ணாதான் வழி சொன்னார்.

"நீ மொதல்ல போயிட்டு வாடா. பாத்துட்டு வந்து அட்டைல எழுதிக் குடு. நீ சரின்னு போட்டா நான் கலர் மெஷின வித்துட்டுப் போறேன். பழுதுன்னு போட்டா அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"கலர் மெஷின் போச்சுன்னா கடைல என்ன மிஞ்சும்?" என்று நான் கேட்டேன்.

"கறுப்பு வெள்ளை மிஞ்சும்மா. நாங்க பாத்தப்ப டிவியும் கறுப்பு வெள்ளைதான்" என்று சிரித்தார்.

அறை வாடகை ஒருவர் போனாலும் இருவர் போனாலும் ஒன்றுதான் என்பதால் நானும் போனேன். போவதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு படிவம் அனுப்பினார்கள். 'நீங்கள் யார்? கப்பலில் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?' இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சர்வீஸ் ரிப்போர்ட் எழுதும் அதே குண்டு எழுத்தில், 'லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருட அனுபவம். இயந்திர அறை' என்று எழுதினார். மற்றவர்கள் எல்லாம் 'தப்பி வந்த இளவரசி', 'கடத்தல்காரன்', 'எதிரிக் கோளின் உளவாளி' என்று அளந்து விட்டிருக்கிறார்கள். விளையாட்டு அதுதானாம். உண்மையை எழுதிய ஒரே ஆள் இவர். அதைப் படித்த கம்ப்யூட்டர், இந்த ஆளுக்கு விளையாட விருப்பமில்லை என்று முடிவுகட்டி, 'சாதாரணப் பயணி' என்று போட்டுவிட்டது. சாதாரணப் பயணிக்கு இயந்திர அறையில் அனுமதி கிடையாது. இதெல்லாம் உள்ளே போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஹோட்டல் ஒரு பெரிய கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருந்தது. ஜன்னல் இல்லாத சாம்பல் நிறக் கட்டடம், பார்த்தால் குளிர்பதனக் கிடங்கு என்பீர்கள். மாத்திரைபோல் இளஞ்சிவப்பு நிறத்தில் சட்டை போட்ட பெண் ஒருத்தி எங்கள் பெட்டியை வாங்கிக்கொண்டு, பத்துப் பேரை ஒரு சின்ன அறைக்குள் நிற்கவைத்துக் கதவைச் சாத்தினாள். அதுதான் ராக்கெட்டாம். கூரையில் இருந்த திரையில் மேகம் வந்தது, மேகம் விலகியது, கறுப்பு வானம் வந்தது. இஞ்சின் சத்தம் காதைப் பிளந்தது. தரை அதிர்ந்தது. இளவரசிகளும் உளவாளிகளும் கூவினார்கள்.

என் வீட்டுக்காரர் சுவரில் கை வைத்தார். நாற்பது வருடம் காத்திருந்து வைத்த கை. நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். சிரிப்போடுதான் கண்ணை மூடினார். திறந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

அறைக்குப் போனதும் கட்டிலில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"அது கீழ போச்சு" என்றார்.

"எது?"

"ராக்கெட்டு. அது எண்ணெய் அழுத்தத்துல ஓடுற சரக்கு லிஃப்ட். மேல போகணும்னா பம்ப் ஓடணும். பம்ப் ஓடவே இல்ல. வால்வைத் தொறந்து விட்டான், தானா எறங்குச்சு. சத்தமெல்லாம் ஸ்பீக்கர்ல. ஒரு மாடி கீழ வந்திருக்கோம். இது கட்டடத்தோட அடித்தளம்."

"எல்லாம் நாடகம்தானேங்க. நெஜமாவே வானத்துக்கா கூட்டிட்டுப் போவான்?"

"வானத்துக்கு வேணாம். ஒரு மாடி. ஒரே ஒரு மாடி மேல கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். இவ்வளவு வாங்கிக்கொண்டு, விண்வெளி என்று சொல்லி மனுஷனைத் தரைக்குக் கீழே இறக்குகிறார்கள். ஜன்னல் வைக்கும் செலவு மிச்சம்.

அறையில் ஜன்னல் என்று இருந்தது ஒரு திரை. நட்சத்திரங்கள் நகர்ந்தன. நடுவில் ஓர் எரிகல் குறுக்கே ஓடியது. இவர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு நிமிடம் கழித்து அதே எரிகல் அதே இடத்தில் ஓடியது. அதற்குப் பிறகு அந்த ஜன்னல் பக்கம் அவர் திரும்பவேயில்லை. குளியலறை மட்டும் ஒழுகவில்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

காலை உணவுக்கு எல்லாரும் ஒரு நீள மேசையில் உட்கார்ந்தோம். நீலச் சாயம் போட்ட ரொட்டி. எதிரே ஒரு குடும்பம், அப்பா, அம்மா, இரண்டு பெண்கள். நாலு பேரும் போனில் வந்த கட்டளையைப் பார்த்துப் பார்த்துச் சுவரிலிருந்த பொத்தானை அமுக்கிவிட்டு வந்து களைத்திருந்தார்கள். "எப்படி இருக்கு?" என்று அந்த அப்பாவைக் கேட்டேன். மனைவியை ஒருமுறை பார்த்தார். "சூப்பர்" என்றார். பக்கத்து ஆளும் சூப்பர் என்றார். அத்தனை முகத்திலும் ஈயாடவில்லை, வாயில் மட்டும் சூப்பர். அப்போதே எனக்குப் புரிந்தது. இவ்வளவு கொட்டிக் கொடுத்தவன் நன்றாக இல்லை என்று எப்படிச் சொல்வான்? சொன்னால் ஏமாந்தவன் ஆகிவிடுவான். பேசாமல் ரொட்டியைத் தின்றுவிட்டு அடுத்தவனையும் ஏமாளியாக்குவதுதான் மரியாதை.

இயந்திர அறை வாசலில் இவரை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாள் மாலை, நான் அந்த மாத்திரைச் சட்டைப் பெண்ணிடம் போய்ச் சண்டை போட்ட பிறகு, மற்றவர்கள் பார்த்து முடித்ததும் ஐந்து நிமிடம் விட்டாள். வழுக்கைத்தலை ஒட்டவைத்த ஒரு நடிகர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் விறைப்பாக நின்று, "வா பயணியே! நாரைக்கு உன் உதவி தேவை!" என்றார். பாவம், அன்றைக்கு அதை நூறு பேரிடமாவது சொல்லியிருப்பார்.

இவர் அவரைத் தாண்டி நடந்தார். வரைபடத்தில் அளவெடுத்து வைத்திருந்த இடத்துக்கு நேராகப் போனார். இடது மூலை, இரண்டாவது குழாய்க்குப் பக்கத்தில். கதவு சரியான பக்கம்தான் திறந்தது, குழாய் சரியான இடத்தில்தான் இருந்தது. கை வைத்தார், கண்ணை மூடினார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

"பிளைவுட்" என்றார். "பின்னாடி ஒண்ணுமே இல்ல."

வெளியே வரும் வழியில் நான் அழுதேன். அவர் அழவில்லை. வாசலில் ஒரு பெண் ஐந்து நட்சத்திரம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னாள். ஐந்தையும் அமுக்கினார். "ஏங்க?" என்றேன். "அந்தப் புள்ள என்ன பண்ணும்?" என்றார். பழுதைப் பார்த்தும் சரி என்று இவர் கை எழுதியதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

"அண்ணாகிட்ட உள்ளத சொல்லிடுங்க" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். "சொல்லாம இருப்பேனா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் கடைக்குப் போனோம். ஜெராக்ஸ் அண்ணா ஷட்டரை முழுசாகவே இறக்கி வைத்திருந்தார். சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, மேசையைத் துடைத்து, நடுவில் ஒரு புது அட்டையையும் பேனாவையும் வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"இரு, இரு, எல்லாத்தையும் ஒரேயடியா சொல்லிடாத. ஒண்ணொண்ணா கேக்கறேன். ராக்கெட்டு கெளம்பும்போது எப்படிடா இருக்கும்? ஆள அமுக்குமா?"

என் வீட்டுக்காரர் அவர் முகத்தையே பார்த்தார்.

"அமுக்கும்" என்றார்.

"மேல போறது தெரியுமா?"

"தெரியும்."

"அந்த ரூம்... இடது மூலை... கை வச்சியா?"

"வச்சேன்."

"உயிர் இருக்கா?"

"இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். பேனாவை எடுத்து, தேதி போட்டு, 'நிலை: சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். சர்வீஸ் ரிப்போர்ட் எழுதும் அதே குண்டு எழுத்து. ஓர் எழுத்தாவது கோணியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அண்ணா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இவன் பைத்தியம், உனக்கு எப்படி இருந்துச்சு?"

இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது. "நல்லா இருந்துச்சுண்ணா" என்றேன். புருஷனைப் பொய்யன் ஆக்கக்கூடாது என்று அந்த நிமிடம் தோன்றியது. இப்படித்தான் ஒரு பொய்க்கு இரண்டு சாட்சி சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தேன். "ஏன் இப்படிப் பண்ணீங்க? அந்த மனுஷன் மெஷின விக்கப் போறாரு!"

"அவன் மூஞ்சியப் பாத்தியா நீ?" என்றார். "நாப்பது வருஷமா அவனுக்கு இருக்கறது இது ஒண்ணுதான். அத நான் எப்படிப் பிளைவுட்டுன்னு சொல்றது?"

"உங்களுக்கும் இது ஒண்ணுதான் இருந்துச்சு. அதச் சொல்லுங்க."

அவர் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஏமாந்தேன் என்று அவரால் சொல்லமுடியவில்லை, அவ்வளவுதான். நண்பனின் முகம் என்பதெல்லாம் பாதி சாக்கு. அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தைவிட அந்தச் சாக்கின்மேல்தான் கோபம் அதிகம்.

இரண்டு வாரம் கழித்து ரேஷன் அட்டை நகல் எடுக்கப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு போனேன். கடை வாசலில் வேன் நின்றது. நாலு பேர் கலர் மெஷினைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அது இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. அந்த வெறும் சதுரத்தில் நான் சொன்ன பொய்க்கும் பாதிப் பங்கு உண்டு. என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட அந்த அட்டைக்கு அண்ணா லேமினேஷன் போட்டு, வரைபடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். "என்னம்மா வேணும்?" என்றார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. "ரெண்டு காப்பிண்ணா" என்றேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணா ஹோட்டலுக்குப் போனார். திரும்பி வந்த செய்தி எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஜெராக்ஸ் அண்ணா. செருப்பைக் கழற்றவில்லை. என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்து நிலைக்குப் பக்கத்தில் நின்றார்.

"உள்ள வாடா" என்றார்.

"கடைசி நாள் எனக்கு அந்த ராக்கெட்டுல ஏற மனசே இல்ல" என்றார் அண்ணா. குரலை உயர்த்தவில்லை. "அவசர வழின்னு எழுதியிருந்துச்சு. அதுல வந்துட்டேன். பூமிக்கு வர்றதுக்கு இருபத்திரண்டு படிடா. எறங்கல. ஏறினேன்."

இவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணா உட்காரவில்லை.

"பைப்பு பிளாஸ்டிக்கு. விடு. நட்சத்திரம் சுத்திச் சுத்தி வந்ததே வருது. அதையும் விடு. நான் கண்ணாடி போட்டவன், இருட்டுல ஒண்ணும் சரியாத் தெரியலன்னு நெனச்சுக்கறேன். அவன் வியாபாரி, ஊரையே ஏமாத்துறான், என்னையும் ஏமாத்தினான். நீ லிஃப்ட் மெக்கானிக்டா. கீழ போனது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் என் வீட்டுக்காரர். "சொல்லத்தான்டா வந்தேன். உன் மூஞ்சியப் பாத்ததும்..."

"மூஞ்சியப் பாத்தாடா கையெழுத்துப் போடுவாங்க? சுவத்துல கை வச்சுப் பாத்ததுக்குத்தானடா போடணும்? நீ சொன்ன விதிதானே?"

பையிலிருந்து லேமினேஷன் போட்ட அட்டையை எடுத்தார். செருப்பு வைக்கும் பலகையின்மேல் வைத்தார். திரும்பும்போது என்னைப் பார்த்தார். "நீயும்தானேம்மா போயிருந்த" என்றார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. கடையில் கறுப்பு வெள்ளை மெஷின் ஓடுகிறது. சுவரில் வரைபடம் இல்லை, பல்லி ஓடுகிற வெறும் சுவர்தான். நான் அந்தப் பக்கம் போனால் எதிர்ப்புற நடைபாதையில்தான் நடக்கிறேன். ஞாயிறு மதியம் என் வீட்டுக்காரர் குளியலறை ஒழுகலை அடைக்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறார், அது அடைபட்டபாடில்லை.

போன வாரம் என் தங்கை வீட்டுக்குப் போனோம், ஏழாவது மாடி. அந்த லிஃப்டை மாதாமாதம் பார்ப்பதும் இவர்தான். லிஃப்டில் ஏறியதும் வழக்கம்போல் ஒதுங்கி அவர் கைக்கு இடம் விட்டேன். கை சட்டைப்பையிலேயே இருந்தது. எங்கேயோ 'கடக்' என்றது. சுவரில் ஒட்டியிருந்த சோதனை அட்டையில் போன மாதத் தேதியும், 'சரி' என்ற நிலையும், அதன்கீழ் அவர் கையெழுத்தும் இருந்தன.

"எப்படிங்க இருக்கு?" என்றேன்.

"சரியா இருக்கு" என்றார்.

இரண்டாவது மாடியில் கதவு திறந்தது. நான் இறங்கிவிட்டேன். மிச்ச ஐந்து மாடியும் படியில்தான் ஏறினேன்.